எண்ணெய் சொன்ன சேதி

2018 ஜூலையில் மேற்கு லண்டனின் ஹேஸ் பகுதியில் உள்ள நார்த் ஹைட் துணை மின் நிலையத்திலிருந்து ஓர் எண்ணெய் மாதிரி ஆய்வுக்கூடத்துக்குப் போனது. 3ஆம் எண் டிரான்ஸ்பார்மரின் புஷ்ஷிங் ஒன்றுக்குள் ஈரம் அளவுக்கு மீறி ஏறியிருக்கிறது என்று முடிவு வந்தது. புஷ்ஷிங் என்பது டிரான்ஸ்பார்மரின் தலைமேல் நீட்டிக்கொண்டிருக்கும் பீங்கான் தூண். உயர் அழுத்தக் கம்பி, தொட்டியின் இரும்பைத் தொடாமல் உள்ளே இறங்கும் வழி அதுதான். இந்த அளவுக்கு ஈரம் தெரிந்தால் பழுது நெருங்கிவிட்டது, புஷ்ஷிங்கை மாற்றிவிட வேண்டும் என்று நிலையத்தை நடத்தும் நேஷனல் கிரிட் நிறுவனத்தின் சொந்த வழிகாட்டுக் குறிப்பே சொல்லியிருந்தது.

மாற்றவில்லை. 2022இல் செய்திருக்க வேண்டிய அடிப்படைப் பராமரிப்பும் தள்ளிப்போனது.

2025 மார்ச் 20ஆம் தேதி இரவு 11.20 மணி வாக்கில் அந்த புஷ்ஷிங் வெடித்தது. தொட்டியில் இருந்த 25,000 லிட்டர் எண்ணெய் பற்றிக்கொண்டது. 10 தீயணைப்பு வண்டிகளும் சுமார் 70 வீரர்களும் வந்து போராடினார்கள். அரை மணி நேரத்துக்குள் பக்கத்து டிரான்ஸ்பார்மரும் நின்றது, தொடர்ந்து மூன்றாவதும் நின்றது. சுமார் 70,000 இணைப்புகள் இருளில் மூழ்கின. அவற்றில் ஒன்று ஹீத்ரோ விமான நிலையம். அங்கே மறுநாள் பெரும்பகுதி நேரம் விமானங்களே இல்லை. 1,300க்கும் அதிகமான விமானங்களும் ஏறத்தாழ 2,70,000 பயணிகளும் பாதிக்கப்பட்டனர். இந்தியாவிலிருந்து கிளம்பிய விமானங்கள்கூட நடுவழியில் திரும்பின. இத்தனைக்கும் ஹீத்ரோவுக்கு மூன்று இடங்களிலிருந்து மின்சாரம் வருகிறது. ஒன்று போனால் மற்றவற்றுக்கு மாறிக்கொள்ளலாம். ஆனால் உள்ளே இணைப்புகளை மாற்றியமைக்கவே 10 முதல் 12 மணி நேரம் ஆகும் என்பதுதான் அன்றைக்குச் சிக்கலாகிவிட்டது.

பிரிட்டனின் மின் அமைப்பை இயக்கும் நிறுவனமான நெசோ, 2025 ஜூலை 2ஆம் தேதி வெளியிட்ட இறுதி அறிக்கையில் 2018ஆம் ஆண்டு எண்ணெய் மாதிரியின் கதையை வரிசையாக எழுதிவைத்தது. மின்துறை ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்ஜெம் அதே நாளில் விசாரணையைத் தொடங்கியது.

எரிந்த டிரான்ஸ்பார்மருக்கு 57 வயது என்று பத்திரிகைகள் எழுதின. படித்தவர்களுக்கு உடனே தோன்றியது ஒன்றுதான்: இவ்வளவு பழையதை ஏன் இன்னும் வைத்திருந்தார்கள்? நியாயமான கேள்விதான். ஆனால் ‘40 வயதானால் தூக்கு, புதிதாக வை’ என்று எளிதாக முடித்துவிடக்கூடிய விஷயமாக இது இல்லை. அப்படிச் செய்வதற்கு உலகத்தில் பணமும் போதாது, தொழிற்சாலையும் போதாது. அதைவிட, வயது மட்டும் பார்த்து மாற்றினால் நல்லதைத் தூக்கி எறிந்துவிட்டுக் கெட்டதை வைத்துக்கொள்ள நேரும்.

தெருமுனையில் இரட்டைக் கம்பத்தின்மேல் உட்கார்ந்திருக்கும் டிரான்ஸ்பார்மரை எல்லோரும் பார்த்திருப்போம். அது போனால் ஒரு தெரு இருட்டாகும், மின்வாரியத்து ஆட்கள் லாரியில் இன்னொன்றைக் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போவார்கள். இங்கே பேசுவது பவர் டிரான்ஸ்பார்மர் என்று துறையில் சொல்லப்படும் பெரிய வகையைப் பற்றி. நார்த் ஹைட்டில் இருந்தவை 2,75,000 வோல்ட்டை 66,000 வோல்ட்டாக இறக்கித் தருபவை. இந்த வகையில் ஒவ்வொன்றும் 100 டன்னுக்கு மேல் இருக்கும், 400 டன் எடையுள்ளவையும் உண்டு. கடையில் இருப்பில் கிடைக்காது. அந்த இடத்துக்கென்றே வடிவமைத்து, செப்புச் சுருள்களைத் தேர்ந்த தொழிலாளர்கள் கையால் சுற்றி, சோதனை செய்து அனுப்ப வேண்டும்.

இந்தப் பிரமாண்டத்தின் ஆயுளைத் தீர்மானிப்பது காகிதம்.

உள்ளே இருப்பவை நான்கே பொருள்கள்தான்: இரும்புத் தகடுகளால் ஆன உள்ளகம், செப்புச் சுருள், சுருளைச் சுற்றிய காகிதம், எல்லாவற்றையும் மூழ்கடித்திருக்கும் எண்ணெய். இரும்பும் செம்பும் எளிதில் கெடாது. எண்ணெய் கெட்டால் வடிகட்டலாம், மாற்றலாம். காகிதத்தை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. மாற்ற வேண்டுமானால் டிரான்ஸ்பார்மரைப் பிரித்து, சுருள்களையே புதிதாகச் சுற்றியாக வேண்டும். அதற்கு ஆகும் செலவில் பல நேரம் புதியதையே வாங்கிவிடலாம்.

மரக்கூழிலிருந்து செய்யப்படும் இந்தக் காகிதம், குளுக்கோஸ் மூலக்கூறுகள் நீளமாகக் கோத்த செல்லுலோஸ் சங்கிலிகளால் ஆனது. புதிதாக இருக்கும்போது ஒரு சங்கிலியில் சராசரியாக 1,000க்கும் மேற்பட்ட கண்ணிகள் இருக்கும். சூடும் ஈரமும் ஆக்சிஜனும் அவற்றை ஒவ்வோர் இடமாக வெட்டிக்கொண்டே வரும். எண்ணிக்கை 200 வாக்கில் வந்துவிட்டால் காகிதத்தின் கதை முடிந்தது. பழைய பஞ்சாங்கத் தாள் போலத் தொட்டாலே பொடியும். அப்போதும் டிரான்ஸ்பார்மர் ஓடிக்கொண்டுதான் இருக்கும். வெளியே எங்கோ ஒரு லைனில் ஷார்ட் சர்க்யூட் ஏற்பட்டு, ஒரு கணம் பெரும் மின்னோட்டம் பாயும்போது சுருள்கள் காந்த விசையில் உலுக்கப்படும். அந்த உலுக்கலைத் தாங்கக் காகிதத்தில் வலு இருக்காது.

சூடு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. சாதாரணக் காகிதம் சுற்றிய சுருளின் மிகச் சூடான புள்ளி 98 டிகிரி செல்சியஸில் இருந்தால் இயல்பான வேகத்தில் வயதாகும் என்கிறது சர்வதேச நியமம். அதற்கு மேல் ஒவ்வொரு 6 டிகிரிக்கும் வேகம் இரட்டிப்பாகும். 104இல் இரண்டு மடங்கு, 110இல் நான்கு மடங்கு. கீழே இறங்கினால் இதே விகிதத்தில் ஆயுள் நீளும். மேம்படுத்தப்பட்ட காகிதத்துக்கு அமெரிக்க நியமம் 110 டிகிரியில் 1,80,000 மணி நேரம் என்று ஆயுள் சொல்கிறது. இடைவிடாமல் அந்தச் சூட்டிலேயே ஓடினால் அது வெறும் 20 வருடச் சொச்சம்தான். அப்படியானால் 57 வயதுவரை எப்படி வந்தது? பிரிட்டனில் ஒரு நிலையத்தில் இரண்டு அல்லது மூன்று டிரான்ஸ்பார்மர்களை வைத்து லோடைப் பகிர்ந்துகொடுப்பார்கள், ஒன்று நின்றாலும் மற்றது சமாளிக்கும்படி. அதனால் ஒவ்வொன்றும் பெரும்பாலான நாட்களில் பாதித் திறனுக்கும் கீழேதான் உழைக்கும். குளிர்ந்த நாடு வேறு. வெயில் காலத்தில் இரவு பகலாக முழு லோடில் ஓடும் வெப்ப நாட்டு டிரான்ஸ்பார்மர் ஒன்று, பிறந்த வருடத்தில் இளையதாக இருந்தாலும் காகிதத்தில் கிழடாகியிருக்கலாம்.

ஈரமும் சூட்டுக்கு இளைத்ததில்லை. காகிதத்தில் நீரின் பங்கு 1 சதவீதத்திலிருந்து 2 சதவீதமானால் கெடும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். அதனால்தான் தொட்டி மூச்சுவிடும் குழாயில் சிலிகா ஜெல் நிரப்பிய கண்ணாடிப் பாத்திரம் ஒன்றை மாட்டியிருப்பார்கள். எண்ணெய் சூட்டில் விரிந்து இரவில் சுருங்கும்போது வெளிக்காற்று உள்ளே போகும், அந்தக் காற்றின் ஈரத்தை ஜெல் உறிஞ்சிக்கொள்ளும். பல நிலையங்களில் பணியாளர் சுற்றி வரும்போது பார்க்கும் முதல் விஷயம் இந்த ஜெல்லின் நிறம். நீலமாக இருந்தால் சரி. இளஞ்சிவப்பாக மாறிவிட்டால் உடனே மாற்ற வேண்டும். சில நூறு ரூபாய் ஜெல்லை மாற்றாமல் விட்டதால் பல கோடி ரூபாய் இயந்திரம் ஈரத்தைக் குடிப்பது எங்கும் நடக்கக்கூடியது.

உள்ளே இருக்கும் காகிதத்தைப் பார்க்க முடியாது. எண்ணெய்தான் சேதி கொண்டுவரும். அடியிலுள்ள வால்வைத் திறந்து, குழாயில் தேங்கிய பழைய எண்ணெயை முதலில் வடித்துவிட்டு, கண்ணாடி ஊசிக்குழலில் மாதிரி எடுப்பார்கள். ஒரு காற்றுக்குமிழிகூட உள்ளே போகக் கூடாது. எண்ணெயில் கரைந்திருக்கும் வாயுக்களை மில்லியனில் ஒரு பங்கு என்ற நுணுக்கத்தில் அளக்கப் போவதால், ஒரு குமிழி போதும் கணக்கைக் கெடுக்க. ஆய்வுக்கூடத்தில் அந்த வாயுக்களைப் பிரித்து எடுத்தால் உள்ளே நடப்பது தெரியும். ஹைட்ரஜன் கூடினால் எங்கோ மெல்லிய மின்கசிவு. எத்திலீன் கூடினால் எண்ணெய் எங்கோ கடுமையாகச் சூடாகிறது. அசெட்டிலீன் தென்பட்டால் உள்ளே தீப்பொறி பறக்கிறது, தாமதிக்க நேரமில்லை. கார்பன் மோனாக்சைடும் கார்பன் டை ஆக்சைடும் ஏறினால் காகிதம் கருகுவதாகச் சந்தேகிக்கலாம். கனடாவின் ஹைட்ரோ-கியூபெக் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த மிஷல் டுவால் 1970களில் மூன்று வாயுக்களின் விகிதத்தை ஒரு முக்கோணத்தில் குறித்து, புள்ளி எங்கே விழுகிறதோ அதை வைத்துப் பழுதைச் சொல்லும் முறையைக் கொண்டுவந்தார். டுவால் முக்கோணம் இல்லாத டிரான்ஸ்பார்மர் ஆய்வறிக்கையை இன்றைக்கு அரிதாகவே பார்க்க முடியும். சங்கிலி அறுபடும்போது உண்டாகும் ஃபியூரான் என்ற வேதிப்பொருளும் எண்ணெயில் கலக்கும். அதை அளந்தால் காகிதத்தில் இன்னும் எவ்வளவு உயிர் மிச்சம் என்று தோராயமாகச் சொல்லலாம்.

தோராயமாகத்தான். கழற்றப்பட்ட பழைய டிரான்ஸ்பார்மர்களை உடைத்து இரும்புக் கடைக்கு அனுப்பும் முன், சுருளின் பல இடங்களிலிருந்து காகிதத் துண்டுகளை வெட்டியெடுத்துக் கண்ணிகளை எண்ணிப் பார்க்கும் வழக்கம் பிரிட்டனில் பல ஆண்டுகளாக உண்டு. ஒரே காலத்தில் பிறந்தவற்றில் ஒன்று நைந்துபோயிருக்கும், இன்னொன்று பல பத்தாண்டுகள் உழைத்திருக்கக்கூடிய நிலையில் இருக்கும். ஒரே சுருளிலும் மேல்பக்கம் ஒரு கதை, கீழ்ப்பக்கம் வேறு கதை. குளிர்விப்பு எண்ணெய் சரியாகப் போய்ச் சேராத ஒரே ஒரு மூலை போதும். இந்தப் பிரேதப் பரிசோதனைகள் திட்டமிடுபவர்களுக்குக் கிடைக்கும் மிக உண்மையான தரவு. செலவாகிறது என்று இதை விட்டுவிடும் நிறுவனங்கள் தங்கள் கண்ணைத் தாங்களே கட்டிக்கொள்கின்றன.

பெரிய டிரான்ஸ்பார்மர்கள் பழுதாவது அபூர்வம். நூறு இருந்தால் ஒரு வருடத்தில் ஒன்றுக்கும் குறைவாகத்தான் பெரும்பழுது வரும் என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. கேட்க நன்றாக இருந்தாலும் திட்டமிடுபவருக்கு இது ஒரு தொல்லை. பழுதான எண்ணிக்கை குறைவாக இருப்பதால் எந்த வயதில் ஆபத்து ஏறுகிறது என்று புள்ளிவிவரத்தால் உறுதியாகக் காட்ட முடிவதில்லை. போதாக்குறைக்கு, மோசமானவற்றை முன்கூட்டியே கழற்றிவிடுவதால் அவை எப்போது செத்திருக்கும் என்பது யாருக்கும் தெரியாமலே போகிறது. நிதிப் பொறுப்பில் இருப்பவர் ‘இத்தனை வருடம் ஒன்றும் ஆகவில்லையே’ என்பார். அந்த வாதத்தை முறியடிக்கப் பொறியாளரிடம் ஒரு வரைபடம் இருக்காது.

இந்த இழுபறிக்காகத்தான் பிரிட்டனில் ஆஃப்ஜெம் ஒரு கணக்கு முறையை வலியுறுத்துகிறது. விநியோக நிறுவனங்கள் பின்பற்றும் வடிவத்தில், ஒவ்வொரு கருவிக்கும் வயது, லோடு, இருக்கும் இடம், எண்ணெய்ச் சோதனை, வெளித்தோற்றம் ஆகியவற்றைச் சேர்த்து உடல்நல மதிப்பெண் போடுவார்கள். 0.5 என்றால் புத்தம் புதியது, 10 என்றால் மிக மோசம். அதிலிருந்து பழுதாகும் வாய்ப்பைக் கணக்கிடுவார்கள். பிறகு, பழுதானால் என்ன நடக்கும் என்பதைப் பவுண்டுகளில் எழுதுவார்கள்: சரிசெய்யும் செலவு, மனித உயிருக்கு ஆபத்து, சுற்றுச்சூழல் சேதம், எத்தனை பேருக்கு எவ்வளவு நேரம் மின்சாரம் போகும். இரண்டையும் பெருக்கினால் வருவது அந்தக் கருவி சுமக்கும் ஆபத்தின் விலை. பெரும் மின்கடத்தல் நிறுவனங்களுக்கும் இதே சிந்தனையில் அமைந்த ஆபத்து அளவுகோல் உண்டு. இத்தனை பவுண்டு ஆபத்தைக் குறைக்கிறேன் என்று உறுதி கொடுத்துத்தான் மாற்றுவதற்கான பணத்தை வாங்க முடியும்.

நல்ல முறைதான். ஒரு சிற்றூருக்கு மின்சாரம் தரும் நோயாளி டிரான்ஸ்பார்மரைவிட, மருத்துவமனையும் ரயிலும் விமான நிலையமும் தொங்கிக்கொண்டிருக்கும் நடுத்தர உடல்நிலை டிரான்ஸ்பார்மர் வரிசையில் முன்னே வரும். ஆனால் இந்தக் கணக்குக்குள் போகும் எண்கள் சரியாக இருக்க வேண்டும், வெளியே வரும் முடிவை ஒருவர் கையில் எடுத்துச் செய்ய வேண்டும். நார்த் ஹைட்டில் அறுந்தது இந்த இரண்டாவது கண்ணி. அளவு எடுக்கப்பட்டது, குறிப்பில் பதிவானது, ஆபத்தின் வகையும் தெரிந்திருந்தது. அங்கே தேவைப்பட்டதும் முழு டிரான்ஸ்பார்மரை மாற்றும் பெருவேலை அல்ல, ஒரு புஷ்ஷிங்கை மாற்றும் வேலை. புஷ்ஷிங் வெடிப்புகள்தான் தீயில் முடிய அதிக வாய்ப்புள்ளவை என்பதும் துறையில் நெடுங்காலமாகத் தெரிந்த விஷயம். முழுதாக மாற்றப் பணமில்லாத நாடுகளுக்கு இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது: புஷ்ஷிங், வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் டேப் சேஞ்சர், குளிர்விப்பு விசிறி, எண்ணெய் ஆகியவற்றைக் காலத்தில் கவனித்தால், காகிதம் தாங்கும்வரை பழைய டிரான்ஸ்பார்மரைத் தைரியமாக ஓட்டலாம்.

பராமரிக்கவோ மாற்றவோ முதலில் அதை நிறுத்த வேண்டும். அங்கேதான் பல திட்டங்கள் முட்டிக்கொள்கின்றன. மூன்றில் ஒன்றை நிறுத்தினால் மீதி இரண்டு முழுச் சுமையையும் ஏற்க வேண்டும். அப்போது இன்னொன்று போனால் ஊரே இருட்டு. அதனால் லோடு குறைந்த மாதங்களில், அக்கம்பக்கத்து நிலையங்களில் வேறு வேலை நடக்காத வாரங்களாகப் பார்த்து, ஒரு வருடம் முன்பே தேதி வாங்கி வைப்பார்கள். ஏதோ ஒரு லைனில் எதிர்பாராத பழுது வந்தால் அந்தத் தேதி பறிபோகும். அடுத்த தேதிக்கு இன்னொரு வருடம்.

பிரிட்டனின் பெரும் மின்கட்டமைப்பில் 275 கிலோவோல்ட் பிரிவு 1950களிலும் 400 கிலோவோல்ட் பிரிவு 1960களிலும் எழுந்தவை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அதே காலத்தில்தான் பெருவாரியாகக் கட்டினார்கள். ஒன்றாகப் பிறந்தவை ஒன்றாக மூப்படைகின்றன. எல்லோரும் ஒரே நேரத்தில் வாங்கப் போனால் என்ன ஆகும் என்பது இப்போது தெரிகிறது. அமெரிக்க எரிசக்தித் துறை 2014இல் வெளியிட்ட ஆய்வில், பெரிய டிரான்ஸ்பார்மர் கேட்டால் கைக்கு வர 5 முதல் 16 மாதம் ஆகும் என்றிருந்தது. 2024இல் அந்நாட்டின் தேசிய உட்கட்டமைப்பு ஆலோசனைக் குழுவின் அறிக்கை 80 முதல் 210 வாரம் என்றது. அதாவது நான்கு வருடம்வரை. காற்றாலை, சூரிய மின்சாரம், மின்வாகனம், தரவு மையம் என்று எல்லாப் பக்கமும் புதிய டிரான்ஸ்பார்மர் கேட்கிறார்கள். உள்ளகத்துக்கான சிறப்புச் சிலிக்கான் எஃகை அமெரிக்காவில் ஒரே ஒரு நிறுவனம்தான் உற்பத்தி செய்கிறது. நான்கு வருடம் கழித்து மாற்ற நினைப்பவர் இன்றே ஆர்டர் கொடுத்தாக வேண்டும். அதாவது இன்று நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைக் காட்டி, நான்கு வருடத்தில் இது ஓயும் என்று பணம் கேட்க வேண்டும்.

வந்து சேர்வதும் தனிக் காண்டம். எண்ணெயை வடித்து, உலர்ந்த காற்றோ நைட்ரஜனோ நிரப்பி மூடி, பல அச்சுகள் கொண்ட டிரெய்லரில் ஏற்றுவார்கள். தொட்டிமேல் அதிர்வுப் பதிவுக்கருவி ஒன்று ஒட்டியிருக்கும். வழியில் எங்கே, எந்த நிமிடம், எவ்வளவு குலுங்கியது என்று அது குறித்துக்கொண்டே வரும். குலுக்கல் வரம்பைத் தாண்டியிருந்தால், வந்த இடத்தில் திறந்து பார்க்காமல் மின்சாரம் கொடுக்க மாட்டார்கள். வழியிலுள்ள பாலங்கள் தாங்குமா என்று முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும். நிறுத்திவைத்த பிறகு உள்ளே வெற்றிடமாக்கி ஈரத்தை இழுத்து, சூடான எண்ணெயை மெதுவாக நிரப்புவதற்கே பல நாட்கள் ஆகும்.

அதுவரை காத்திருக்க முடியாத நேரங்களும் உண்டு. 2013 ஏப்ரல் 16ஆம் தேதி கலிபோர்னியாவின் சான் ஹோசே அருகே மெட்காஃப் துணை மின் நிலையத்தில் யாரோ துப்பாக்கியால் சுட்டதில் 17 டிரான்ஸ்பார்மர்கள் எண்ணெய் ஒழுகி முடங்கின. அதற்கு ஒரு வருடம் முன்னதாகவே அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை ஒரு சோதனை செய்து பார்த்திருந்தது. எளிதில் ஏற்றி இறக்கும்படி மூன்று தனித்தனி அலகுகளாகச் செய்த 345 கிலோவோல்ட் அவசர டிரான்ஸ்பார்மரை 2012 மார்ச்சில் செயின்ட் லூயிஸிலிருந்து ஹூஸ்டனுக்குச் சாலை வழியே கொண்டுபோய், ஆறு நாட்களுக்குள் மின்சாரம் கொடுத்துவிட்டார்கள். நிறுவனங்கள் சேர்ந்து பொதுவாக உபரிகளை வாங்கி வைத்துக்கொள்ளும் ஏற்பாடுகளும் அங்கே உண்டு. ஓடாமல் சும்மா நிற்கும் டிரான்ஸ்பார்மருக்குப் பணம் செலவழிப்பது கணக்கு அதிகாரிகளுக்குக் கசக்கும். ஆனால் கையில் ஒரு உபரி இருப்பவர்தான் பழையதைக் கடைசிவரை நிம்மதியாக ஓட்ட முடியும்.

புதிதாக வைப்பது பழைய அளவிலேயே இருக்க வேண்டுமா என்பது கடைசிக் கேள்வி. மேற்கு லண்டனில் தரவு மையங்கள் மின்திறனை முன்பதிவு செய்துகொண்டதால் புதுக் குடியிருப்புகளுக்கு இணைப்புக் கிடைப்பதே பெரும்பாடு என்று 2022இல் லண்டன் மாநகர நிர்வாகம் சொன்னது. அப்படிப்பட்ட இடத்தில் 1968ஆம் ஆண்டின் அளவிலேயே இன்னொன்றை வைத்தால் பத்து வருடத்தில் அதுவும் போதாமல் போகும், அதன் காகிதமும் சூட்டில் சீக்கிரம் நையும். உள்ளே நிரப்பும் திரவத்தையும் இப்போது மாற்றிப் பார்க்கிறார்கள். வடக்கு லண்டனின் ஹைபரியில் நேஷனல் கிரிட் 400 கிலோவோல்ட் டிரான்ஸ்பார்மர்களில் கனிம எண்ணெய்க்குப் பதில் செயற்கை எஸ்டர் என்ற திரவத்தை நிரப்பியிருக்கிறது. கனிம எண்ணெய் 170 டிகிரி வாக்கில் தீப்பற்றித் தொடர்ந்து எரியக்கூடியது. எஸ்டருக்கு 300 டிகிரியைத் தாண்ட வேண்டும். ஈரத்தையும் அது தன்னிடம் அதிகம் இழுத்து வைத்துக்கொள்வதால் காகிதத்துக்கு நல்லது. விலை கூடுதல்தான். வீடுகளுக்கு நடுவே, ஒரு டிரான்ஸ்பார்மருக்கும் அடுத்ததற்கும் இடையில் போதுமான தூரம் விட இடமில்லாத நகர நிலையங்களில் அந்தக் கூடுதல் விலையைக் கொடுப்பது சரியென்று லண்டன் பொறியாளர்கள் முடிவு செய்திருக்கிறார்கள்.